வேலிக்கு அப்பாலும் ஓர் இல்லம்

மலைச்சரிவில் வீடு கட்டி வாழ்வோர் மண்ணுக்கு அஞ்சுவர். உண்மையில் அஞ்சத்தக்கது மண்ணுக்குள் தேங்கி நிற்கும் நீரே. 2009 நவம்பரில் நீலகிரியில் கொட்டிய பெருமழையால் நிலம் சரிந்து 40-க்கும் மேற்பட்டோர் மாண்ட துயரத்தை மலைவாழ் மக்கள் மறந்திலர்.

குன்னூரில் எங்கள் இல்லமும் சரிவில் அமைந்ததே. தோட்டத்தின் கீழ் எல்லையில் ஒரு மரவேலி. அதற்கு அப்பால், சற்றுத் தாழ்ந்த நிலத்தில், மூதாட்டி ஒருவர் தனித்து வாழும் சிறு வீடு. ஆண்டுதோறும் மழையில் இறங்கிய மண் வேலியோரம் குவிந்தது. வேலி எல்லையைக் காட்டுவதற்கே அன்றி மண்ணைத் தாங்குவதற்கு அன்று. ஈரமண் சாய்ந்தால் பலகை உளுக்கும், கால்கள் சாயும். ஆகவே, வேலியினின்று அரை மீட்டர் உள்ளே தள்ளி, மருந்தேற்றிய மரக்கட்டைகளால் 1 மீட்டர் உயரத் தாங்குசுவர் ஒன்று எழுப்பத் துணிந்தோம்.

வேலைக்கு வந்த தச்சர் அளவு எடுக்கும் முன்னரே, “தண்ணீர் எந்த வழியாகப் போக வேண்டும், ஐயா?” என்று வினவினார். அவ்வினாவே வேலையின் உயிர்நாடி. 1 மீட்டர் உயரச் சுவரின் பின்னே நீர் நிறைந்து நின்றால், சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் அந்நீர் மட்டுமே ஏறத்தாழ 500 கிலோ எடைக்கு ஒப்பான விசையுடன் தள்ளும். நீர் வடிந்த மண்ணின் விசையோ பெரும்பாலும் அதனினும் குறைவு. நீர் நிற்கும் உயரம் இரு மடங்கானால் அதன் விசை நான்கு மடங்காகும். சுவர்கள் பல சாய்வதற்குக் காரணம் மரத்தின் மெலிவு அன்று. நீருக்கு வழி இன்மையே.

எனவே, சுவரின் அடியில் துளையிட்ட குழாய் ஒன்றை, 100 மீட்டருக்கு 1 மீட்டர் இறங்கும் சரிவில் கிடத்தினோம். அதன் மேலும் சுவரின் பின்புறமும் 30 செ.மீ. அகலத்திற்குத் தூசியற்ற ஜல்லியை நிரப்பினோம். நுண்மண் புகுந்து ஜல்லியை அடைக்காவண்ணம், நீரை மட்டும் விடும் துணியை இடையே விரித்தோம். அப்பால் 15 செ.மீ. அடுக்குகளாக மண் இட்டு, ஒவ்வோர் அடுக்கையும் திமிசுக் கட்டையால் இடித்தோம். உச்சியில் களிமண் பரப்பிப் புல் பதித்தோம். வேலிக்கால்களைச் சுவரோடு பிணைக்கவில்லை. காற்று வேலியை அசைத்தால் அவ்வசைவு சுவருக்கும் சென்று சேரும் அன்றோ!

எஞ்சியது ஒரு வினா: குழாயின் வாயை எங்கே திறப்பது? வேலியின் அடியில் திறந்தால் செலவும் இல்லை, உழைப்பும் இல்லை. நீர் நம்மை விட்டுப் போய்விடும். ஆனால் மூதாட்டியின் அடுக்களைச் சுவரைச் சென்று நனைக்கும். தெருச் சாக்கடையோ 12 மீட்டர் தொலைவு, நடுவே பாறை. வீட்டில் இருவேறு கருத்துகள் எழுந்தன. இறுதியில், கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு வண்ணம் பூசவெனச் சேர்த்த பணம் அப்பாறையை உடைக்கும் கூலியாயிற்று. அவ்வாண்டு விழாவைப் பழைய சுவர்களோடே கொண்டாடினோம். மழை ஓய்ந்த பின் மூதாட்டி வேலியருகே வந்து, “இந்த மழைக்கு அடுக்களையில் சாக்கு விரிக்கவில்லை, அம்மா” என்று எங்கள் இல்லத்தரசியிடம் கூறினார். அதுகாறும் அவர் சாக்கு விரித்து வந்ததை நாங்கள் அறிந்ததே இல்லை.

புது வீடு கட்டுவோர் மேல்தளத்தைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் அமைக்க வேண்டும், இன்றேல் தவறி விழுவோரின் இரத்தப்பழி அவ்வீட்டைச் சாரும் என்று இணைச்சட்ட நூலின் 22-ஆம் அதிகாரம் கட்டளையிடுகிறது. அயலார் அன்பு செபமாலையோடு முடிவதன்று; கல்லிலும் மண்ணிலும் குழாயிலும் அது விளங்க வேண்டும் என்பதே அக்கட்டளையின் கருத்து என நம்புகிறோம்.

சரிவில் வாழும் குடும்பத்தார் ஐப்பசி மழைக்கு முன் தங்கள் தாங்குசுவர்களை ஒருமுறை நோக்குக. மண் ஊறி நிற்கையில் வடிகுழாய் வறண்டிருந்தால் அடைப்பு உண்டென்று அறிக. சுவர் முன்னே பிதுங்கினால் காலந்தாழ்த்தாது தொழில் அறிந்தவரை அழையுங்கள். குழாய் நன்கு ஒழுகினால், அந்நீர் எவர் முற்றத்தில் சென்று விழுகிறது என்பதையும் வேலிக்கு அப்பால் எட்டிப் பாருங்கள்.