எட்டு மைல் சாலைக்குத் தெற்கே

"எங்கே இருக்கிறீர்கள்?" என்று ஊரிலிருந்து யாராவது கேட்டால் நம் சபையில் எல்லோரும் ஒரே பதில்தான் சொல்வோம்: "டிட்ராய்ட்." உண்மையில் இருப்பது டிராய், நோவை, கேன்டன், ஃபார்மிங்டன் ஹில்ஸ். திருமங்கலத்துக்காரர் வெளியூரில் போய் "மதுரை" என்று சொல்கிற மாதிரிதான், தப்பில்லை. ஆனால் திருமங்கலத்துக்காரர் மாதத்துக்கு இரண்டு தடவையாவது மதுரைக்குப் போவார். நாம் டிட்ராய்ட்டுக்குள் எப்போது போகிறோம்? ஃபோர்ட் ஃபீல்டில் ஆட்டம் இருந்தால் போவோம். இல்லாவிட்டால், கோடையில் ஊரிலிருந்து வந்த அப்பா அம்மாவை ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போய், "அதோ தெரியுது பாருங்க, அதுதான் கனடா" என்று காட்டுவதற்குப் போவோம்.

இரண்டு கல்லூரி மாணவர்களைத் தவிர்த்தால், நம் சபையில் நகர எல்லைக்குள் குடியிருப்பது எங்கள் ஒரு வீடுதான். அதனால்தான் இந்த இதழுக்கு என்னை எழுதச் சொன்னார்கள் என்று நினைக்கிறேன். 2016-ல் நாங்கள் இங்கே வீடு வாங்கியபோது ஒரு அங்கிள் ஆராதனை முடிந்ததும் தனியாகக் கூப்பிட்டு, "தம்பி, ஜெபம் பண்ணித்தான் முடிவு எடுத்தீங்களா?" என்று கேட்டார். அக்கறையோடுதான் கேட்டார். கார் இன்சூரன்ஸ் கட்டணம் எவ்வளவு ஏறியது என்பதை இங்கே எழுத மனம் வரவில்லை. பள்ளிக்கூடத்தைப் பற்றிய கவலையும் கற்பனை இல்லை. இதையெல்லாம் மறைத்து "வாருங்கள், எல்லாம் அருமை" என்று எழுத நான் ரியல் எஸ்டேட்காரன் அல்ல.

முதலில் கொஞ்சம் கணக்கு. 1950-ல் டிட்ராய்ட்டின் மக்கள் தொகை ஏறக்குறைய 18.5 லட்சம். 2020-ல் 6.39 லட்சம். மூன்றில் இரண்டு பங்கு பேர் போய்விட்டார்கள். நகரத்தின் பரப்பு மட்டும் அதே 139 சதுர மைல். மன்ஹாட்டன், பாஸ்டன், சான் பிரான்சிஸ்கோ மூன்றையும் உள்ளே வைத்தாலும் இடம் மிச்சமிருக்கும். ஆட்கள் போனால் தெரு சுருங்காது. அதே நீளத் தண்ணீர்க் குழாயையும், அதே தெருவிளக்குகளையும் மூன்றில் ஒரு பங்கு ஆட்கள் கட்டும் வரியில் பார்த்துக்கொள்ள வேண்டும். கார் தொழிற்சாலைகள் புறநகருக்கும் வேறு மாநிலங்களுக்கும் போயின. புதிய நெடுஞ்சாலைகள் வெளியே போகிறவர்களுக்கு வசதியான வழி போட்டுக் கொடுத்தன. 1967 கலவரத்தில் 43 பேர் இறந்தார்கள்; அதற்குப் பிறகு வெளியேற்றம் இன்னும் வேகமானது. கடைசியில் 2013 ஜூலை 18 அன்று நகரமே திவால் மனு போட்டது. கடன் சுமார் 1,800 கோடி டாலர். அந்தச் சமயத்தில் தெருவிளக்குகளில் பத்துக்கு நான்கு எரியவில்லை.

எல்லோரும் தாங்களாகவே போய்விட்டார்கள் என்று சொல்லவும் முடியாது. யார் எங்கே குடியிருக்கலாம் என்பதை வேறு யாரோ தீர்மானித்த காலம் ஒன்று இருந்தது. எட்டு மைல் சாலைக்குக் கொஞ்சம் தெற்கே, பர்வுட் தெருப் பக்கம் ஒரு கான்கிரீட் சுவர் இருக்கிறது. ஆறடி உயரம், அரை மைல் நீளம். வெள்ளைக்காரர்களுக்கு வீடு கட்ட நினைத்த ஒரு முதலாளி 1941-ல் எழுப்பியது. பக்கத்தில் கறுப்பின மக்கள் குடியிருந்ததால், அந்த வீடுகளின் கடனுக்கு மத்திய அரசின் உத்தரவாதம் கிடைக்கவில்லை. நடுவில் சுவரைக் கட்டியதும் கிடைத்தது. இப்போது அதில் அழகான சித்திரங்கள் வரைந்திருக்கிறார்கள், சிறுபிள்ளைகள் பக்கத்தில் விளையாடுகிறார்கள். மதுரை மாவட்டத்துக்காரனான எனக்கு அதன் முன்னால் நின்றபோது உத்தபுரம் ஞாபகம் வந்தது. நம்மில் சிலருக்கு இந்த நகரத்தின் கதையை விளக்க வேண்டிய அவசியமே இருக்காது.

இனி நான் எழுத வந்த விஷயம், புல்.

எங்கள் வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் ஒரு காலி மனை. அந்த வீட்டுக்கு மறுபக்கம் இன்னும் இரண்டு காலி மனைகள். மூன்றிலும் ஒரு காலத்தில் செங்கல் வீடுகள் இருந்தன. ஒன்று தீப்பிடித்தது, மற்ற இரண்டையும் பூட்டிப் போட்டுவிட்டுப் போனார்கள். பிறகு நகராட்சி இடித்தது. நடுவில் மிஞ்சிய வீட்டில் எழுபது வயதைத் தாண்டிய ஒரு அம்மா இருக்கிறார்கள். மருத்துவமனைச் சமையலறையில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். என்னை "பேபி" என்றுதான் கூப்பிடுவார்கள். முதல் தடவை கேட்டபோது எனக்குக் கூச்சமாக இருந்தது. பிறகு புரிந்தது, அது நம் ஊரில் பாட்டிமார் "கண்ணு" என்பதுதான்.

நாங்கள் குடிவந்த வாரம் அவர்கள் ஒரு பழைய புல்வெட்டும் இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டு அந்த மூன்று மனைகளையும் வெட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய நிலம் போல என்று நினைத்துக் கேட்டேன். இல்லையாம். பதினொரு வருடமாக அடுத்தவர் நிலத்தில் புல் வெட்டிக்கொண்டிருக்கிறார்களாம், கூலி இல்லாமல், சொந்தப் பெட்ரோலில்.

"ஏன் வெட்டுறீங்க?"

"புல்லு முழங்காலுக்கு மேல வளர்ந்தா, இது யாருக்கும் வேண்டாத இடம்னு தெரிஞ்சுரும், பேபி. ராத்திரி லாரி வரும், பழைய டயரைக் கொட்டிட்டுப் போகும். டயர் கிடக்கிற மனைக்குப் பக்கத்து வீட்டுக்காரன் ஒரு வருஷம் பொறுப்பான், அடுத்த வருஷம் கிளம்பிடுவான். அவன் போனா அந்தப் பக்கமும் காலி. அப்புறம் என் முறை."

ஒரு நகரம் எப்படிக் கரைகிறது என்று இதைவிடத் தெளிவாக வேறு யாரும் எனக்குச் சொன்னதில்லை. ஒவ்வொரு வீடாகத்தான் கரைகிறது. அதைத் தடுத்து நிறுத்தியவர்களும் பெரும்பாலும் ஒவ்வொரு வீட்டுக்காரர்களாகவே இருந்தார்கள். பிறகு, வீட்டை ஒட்டியிருக்கும் காலி மனையை வீட்டுக்காரருக்கே 100 டாலருக்குக் கொடுக்கும் திட்டத்தை நகர நில வங்கி கொண்டுவந்தது. அந்த அம்மா தன் வீட்டை ஒட்டிய இரண்டு மனைகளை வாங்கினார்கள். ஒன்றில் தக்காளி, வெண்டை, காலர்ட் கீரை. காலர்ட் இலை முட்டைக்கோஸ் வகைதான், தடித்து இருக்கும். பொடியாக நறுக்கித் தேங்காய்ப்பூ போட்டுப் பொரியல் வைத்தால் அருமையாக வரும். ஒரு நாள் செய்து கொண்டுபோய்க் கொடுத்தேன். "நாற்பது நிமிஷம் வேக வைக்க வேண்டியதை நீ பத்து நிமிஷத்தில் இறக்கிட்டியே" என்று திட்டிவிட்டு முழுவதையும் சாப்பிட்டார்கள்.

தெருவிளக்கைப் பற்றியும் அவர்களிடம்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். 2016 முடிவதற்குள் நகரம் முழுவதும் சுமார் 65,000 எல்.இ.டி. விளக்குகள் போட்டு முடித்தார்கள். அதற்கு முன்பு, மிஞ்சியிருந்த வீட்டுக்காரர்கள் தங்களுக்குள் பேசிவைத்து ராத்திரி முழுக்க வாசல் விளக்கை எரியவிட்டிருக்கிறார்கள். வேலை முடிந்து பஸ்ஸில் இறங்கி நடந்து வருகிற பிள்ளைகளுக்கு வழி தெரிய வேண்டுமே. மின்சாரக் கட்டணத்தில் கூடுதலாக ஏறியது அவரவர் பணம்.

நெகேமியா புத்தகத்தின் 3-ஆம் அதிகாரத்தை நாம் யாரும் வேத பாடத்துக்கு எடுப்பதில்லை. வாயில் நுழையாத பெயர்கள், யார் எந்த இடத்தைப் பழுதுபார்த்தார்கள் என்ற பட்டியல், அவ்வளவுதான். ஆனால் அந்த அம்மாவின் மனைகளைப் பார்த்த பிறகு அதை இரண்டு தடவை நிதானமாக வாசித்தேன். கொத்தனார்கள் கட்டியதாக அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. தட்டார் கட்டுகிறார்கள், தைலக்காரர் கட்டுகிறார், ஒருவர் தன் குமாரத்திகளோடு சேர்ந்து கட்டுகிறார். பலர் செய்தது தங்கள் தங்கள் வீட்டுக்கு எதிரே இருந்த துண்டு மதிலைத்தான். நடுவில் ஒரு சங்கடமான செய்தியும் உண்டு. தெக்கோவா ஊரார் வந்து வேலை செய்தார்கள், அவர்களுடைய பிரபுக்கள் மட்டும் கழுத்தைக் கொடுக்கவில்லை. எருசலேமுக்கு வெளியே, வசதியாகக் குடியிருந்தவர்கள்.

இப்போது நகரத்தின் நடுப்பகுதி ஜொலிக்கிறது. 1913-ல் திறந்து, 1988-ல் கடைசி ரயில் புறப்பட்டுப் போய், முப்பது வருடம் கண்ணாடி உடைந்து நின்ற மிச்சிகன் சென்ட்ரல் ரயில் நிலையத்தை ஃபோர்டு கம்பெனி 2018-ல் வாங்கிப் புதுப்பித்தது. 2024 ஜூனில் திறந்தார்கள். நம் வாலிபர்கள் அங்கே எடுத்த படங்களை நானும் பார்த்தேன், சந்தோஷமாகத்தான் இருந்தது. 1957-க்குப் பிறகு முதல் முறையாக டிட்ராய்ட்டின் மக்கள் தொகை கூடியிருக்கிறது என்று சென்சஸ் மதிப்பீடு சொன்னதும் அதே வருடம்தான். தெருவில் அன்று பேச்செல்லாம் அதுவாகவே இருந்தது. ஆனால் படங்களில் வருகிற அந்த மையப் பகுதி சுமார் 7 சதுர மைல். மீதி 132 சதுர மைலில் இன்னமும் புல்தான் வளர்கிறது. சில மனைகளில் ஃபெசன்ட் என்கிற காட்டுக்கோழி மாதிரியான பறவைகள்கூட உலாவுகின்றன. என் மகனுக்கு அதில் ஏகப்பட்ட குஷி.

அந்த அம்மாவின் பேரனுக்கு வயது பத்தொன்பது. உங்களில் பலருடைய வயதுதான். அவனுக்கு வடக்கே ஒரு புறநகரில் கடை வேலை கிடைத்தது. கார் கிடையாது. நகரத்துக்கு ஒரு பஸ் நிறுவனம், புறநகருக்கு வேறு ஒன்று. இரண்டு பஸ் மாறி, கடைசி நிறுத்தத்தில் இறங்கி, பனியில் முக்கால் மணி நேரம் நடப்பான். ஏனென்றால் அந்தக் கடை இருந்த ஊருக்குள் பஸ் போகாது. "பஸ் வரி வேண்டாம்" என்று ஓர் ஊர் தீர்மானித்து ஒதுங்கிவிட்டால், பஸ் அந்த ஊரில் நிற்காது. பல வருடம் நடைமுறை அதுதான். நோவையும் ரோசெஸ்டர் ஹில்ஸும் அப்படி ஒதுங்கியிருந்த ஊர்களே. 2015-ல் பத்திரிகையில் ஒருவருடைய கதை வந்தது. கார் ரிப்பேரான பிறகு, டிட்ராய்ட்டிலிருந்து ரோசெஸ்டர் ஹில்ஸ் தொழிற்சாலைக்குப் போய்வர அவர் தினமும் சுமார் 21 மைல் நடந்தார். அதைப் படித்தவர்கள் உருகிப்போய் 3.5 லட்சம் டாலர் சேர்த்துக் கொடுத்தார்கள், ஒரு புதுக் காரும் கிடைத்தது. நல்ல காரியம். ஆனால் அடுத்த வருடம் நவம்பரில், நான்கு கவுண்டிகளுக்கும் பொதுவாகப் பஸ் விடுவதற்கான வரி வாக்கெடுப்புக்கு வந்தபோது, அது மிகக் குறைந்த வித்தியாசத்தில் தோற்றுப்போனது. ஒருவருக்குக் கார் வாங்கிக் கொடுக்க மனம் இருந்தது, எல்லோருக்கும் பஸ் விட இல்லை.

அந்த நாட்களில் நம் சர்ச் கார் நிறுத்துமிடத்தில் நடந்த பேச்சு எனக்கு ஞாபகம் இருக்கிறது. "நமக்கு எதுக்குப் பஸ்? வீட்டுக்கு ரெண்டு கார் நிக்குது, வரிய மட்டும் நாம கட்டணுமா?" சொன்ன அண்ணன் கெட்டவர் அல்ல, ஃபிளின்ட் தண்ணீர்ப் பிரச்சினை வந்தபோது வேன் நிறையத் தண்ணீர் பாட்டில் ஏற்றிக்கொண்டு போனவர். தண்ணீர் பாட்டில் கொடுப்பதை ஊழியம் என்று நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். வாக்குச்சீட்டின் பின்பக்கத்தில் இருக்கிற பஸ் வரியைப் பற்றி எந்தப் பிரசங்கத்திலும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. 2022 நவம்பரில் ஓக்லண்ட் கவுண்டி முழுவதற்கும் பொதுவான பஸ் வரியை வாக்காளர்கள் நிறைவேற்றினார்கள். அதன்பிறகு இந்த ஊர்களுக்கும் பஸ் வரத் தொடங்கியது. நம் பெரியவர்களில் பலருக்கு இன்னும் பச்சை அட்டைதான், வாக்கு இல்லை. இங்கே பிறந்த உங்களுக்கு 18 வயதில் வந்துவிடும். உங்கள் வீட்டில் முதலில் அந்தச் சீட்டைப் பிரித்துப் பார்க்கப்போவது நீங்கள்தான். பேரன் இப்போது ஒரே பஸ் மாறிப் போகிறான். நடை பத்து நிமிடம்.

அந்த அம்மாவுக்குப் போன குளிர்காலத்தில் முழங்கால் அறுவை சிகிச்சை நடந்தது. மிச்சிகனில் மே மாதம் பிறந்தால் புல் வாரத்துக்கு ஒரு சாண் வளரும், உங்களுக்கே தெரியும். நம் வாலிபர்களில் மூன்று பேர் ஏற்கெனவே வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். மே இரண்டாம் சனிக்கிழமை, காலை ஒன்பது மணிக்கு. புல்வெட்டும் இயந்திரம் என்னிடம் இரண்டு இருக்கிறது, அவர்களிடம் ஒன்று. கையுறையும் பழைய ஷூவும் கொண்டுவந்தால் போதும். "உதவி செய்ய வந்திருக்கிறோம்" என்று மட்டும் சொல்லாதீர்கள், அவர்களுக்குப் பிடிக்காது. எந்த மனையிலிருந்து தொடங்கலாம் என்று கேளுங்கள். மதியச் சாப்பாடு அவர்கள் வீட்டில்தான், பொரித்த மீனும் காலர்ட் கீரையும். கீரை நாற்பது நிமிடம் வெந்திருக்கும், காரம் சுத்தமாக இருக்காது. யாராவது ஒருவர் எலுமிச்சை ஊறுகாய் எடுத்து வாருங்கள்.