ஒரு பழைய கேள்விக்குப் பதில்



போன வாரம் காட்பாடி வீட்டில் போர் மோட்டார் நின்றுவிட்டது. இரண்டு நாள் தண்ணீர் இல்லை. யாரோ கொடுத்த எண்ணுக்குப் போன் செய்தேன். வந்தவர் செருப்பைக் கழற்றிவிட்டு, "சார், நான்தான் மோட்டார்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. 1991, ஒன்பதாம் வகுப்பு. "தண்ணிக்குள்ள கையைச் சுழட்டினா கனமா இருக்குதே சார், தண்ணிக்குள்ள சுத்தற மோட்டாருக்குக் கரண்டு வீணாகாதா?" என்று ஒரு பையன் கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. "பெரிய மோட்டார் வந்துட்டார், உட்காரு" என்றேன். வகுப்பே சிரித்தது. அந்தப் பெயரே அவனுக்கு நிலைத்துவிட்டது.

மோட்டாரை மேலே ஏற்றியதும் காயில் எரிந்திருப்பது தெரிந்தது. பட்டறையில் பிரித்துக் காட்டினான். எங்கள் வீட்டு மோட்டாருக்குள்ளும் தண்ணீர்தான். சுழலும் ரோட்டர் அந்தத் தண்ணீரிலேயே நிமிடத்துக்கு ஏறக்குறைய 2,850 சுற்று சுற்றுகிறது.

"தண்ணி பிடிக்கத்தான் செய்யுது சார். அதனாலதான் ஒல்லியா, நீளமா செய்யறாங்க. போர்க்குழிக்குள்ள இறங்கறதுக்கு மட்டும் இல்ல" என்றான்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். அதே வேகத்தில் ரோட்டரின் நீளத்தை இரட்டித்தால் தண்ணீரின் உராய்வில் போகும் மின்சாரம் ஏறக்குறைய 2 மடங்கு. விட்டத்தை இரட்டித்தால் 16 மடங்கு! வேகம் இரட்டித்தால் சுமார் 8 மடங்கு. தண்ணீரின் அடர்த்தி காற்றைப்போல 800 மடங்கு அல்லவா? இழந்த சக்தி வெப்பமாகிறது. அந்த வெப்பத்தை வெளியே கடத்துவதும், பேரிங்குகள் தேயாமல் காப்பதும் அதே தண்ணீர்தான். இறக்கும்முன் உள்ளே நல்ல தண்ணீர் நிரப்பி, காற்றுக்குமிழி இல்லாமல் பார்க்கவேண்டும் என்று அவன் சொன்னது அதற்காகத்தான்.

அதாவது அவன் கேட்டது சரியான கேள்வி. கரண்டு வீணாகத்தான் செய்கிறது.

மறுநாள் மோட்டாரை இறக்க வந்தபோது, "அன்னைக்கு நான் செஞ்சது தப்புப்பா" என்றேன். "விடுங்க சார், அந்தப் பேர்லதான் தொழிலே ஓடுது" என்று சிரித்தான். அவன் சிரித்தான், என்னால் முடியவில்லை. பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன் அவன்.

பிள்ளைகளே, உங்களில் யாருடைய கேள்வியையாவது நான் அப்படி உட்கார வைத்திருந்தால், கீழே எழுதுங்கள். இப்போது எனக்கு நேரம் இருக்கிறது. தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லவும் கற்றுக்கொண்டேன்.