கொள்ளிவட்டமும் அகநோக்கியும்

கார்த்திகை இரவில் மாவலி சுற்றுவதைக் கண்டவர்களுக்கு இதை விளக்குவது எளிது. சுற்றுபவனின் கயிற்று நுனியில் இருப்பது கரித்தூள் பொதிந்த சிறு முடிச்சு. நாம் காண்பதோ பொறி சிந்தும் முழு வட்டம். அந்த வட்டம் எந்தக் கணத்திலும் அங்கே இருப்பதில்லை. இருப்பது ஒரு புள்ளி நெருப்பு மட்டுமே. கொள்ளிவட்டம் என்று இதற்குப் பெயரிட்டு, பொய்த்தோற்றத்துக்கு உவமையாக்கினர் நம் தத்துவவாதிகள். கௌடபாதரின் மாண்டூக்ய காரிகையில் நான்காம் பகுதிக்கு அலாதசாந்தி, அதாவது கொள்ளி தணிதல் என்றே பெயர். வகுப்பறையில் இவ்வுவமையைப் பலமுறை சொல்லிக் கடந்திருக்கிறோம். மனித உடலின் உட்புறத்தைக் காண அதே கொள்ளிவட்டத்தைக் கருவியாக்கியிருக்கிறார்கள் என்று படித்தபோது, சொல்லிப் பழகிய உவமை தலைகீழாகிவிட்டது.

அமெரிக்காவின் சியாட்டில் நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் எரிக் சைபெல் என்பவரும் அவருடைய குழுவினரும் உருவாக்கிய எண்டாஸ்கோப்பைச் சொல்கிறோம். கலைச்சொல் அகராதிக்காரர்கள் எண்டாஸ்கோப்பை அகநோக்கி என்பார்கள். (அகம் என்றவுடன் திணையும் துறையும் நினைவுக்கு வருவது தமிழாசிரியர்களின் தொழில் நோய், பொறுத்தருள்க.)

இக்கருவியின் அருமை விளங்க, இதற்கு முந்தையவற்றைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். 1868இல் ஜெர்மானிய மருத்துவர் குஸ்மௌல் வளையாத உலோகக் குழாய் ஒன்றைத் தொண்டை வழியே இறக்கிப் பார்த்தார். அதைத் தாங்கக்கூடியவர் யார்? வாள் விழுங்கும் வித்தைக்காரர் ஒருவரைத் தேடிப் பிடித்தார்கள். வளையும் குழாய்க்கு ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. 1954இல் லண்டனில் ஹாப்கின்ஸும், பஞ்சாபின் மோகாவில் பிறந்த நரீந்தர் சிங் கபானியும் கண்ணாடி இழைக் கற்றை வழியே படத்தைக் கடத்திக் காட்டினர். 1957இல் மிச்சிகனில் ஹிர்ஷோவிட்ஸ் அத்தகைய இழைகளாலான கருவியை முதலில் தம் தொண்டைக்குள்ளேயே செலுத்திக்கொண்டார். நோயாளிக்கு அதன் பிறகுதான்.

இழைக் கற்றையின் விதி எளியது: ஓர் இழைக்குப் படத்தில் ஒரு புள்ளி. பல்லாயிரம் புள்ளி வேண்டுமானால் பல்லாயிரம் இழை வேண்டும். பின்னர் குழாயின் நுனியிலேயே கேமரா சில்லு வந்தமர்ந்தது. அப்போதும் ஓர் உணரிக்கு ஒரு புள்ளி என்ற கணக்கு மாறவில்லை. தெளிவு கூடினால் பருமனும் கூடும். வயிற்றைப் பார்க்கும் வழக்கமான குழாய் சுமார் ஒரு செ.மீ. பருமன் உடையது.

இந்த ஒரு செ.மீ. எத்தகையது என்பதை 2016இல் நாங்கள் அறிந்தோம். எங்கள் தந்தையாருக்குச் சோறு இறங்கவில்லை; பிறகு கஞ்சியும் தடைப்பட்டது. குழாய் விட்டுப் பார்த்த மருத்துவர், பல்வரிசையிலிருந்து 28 செ.மீ. ஆழத்தில் உணவுக்குழாய் சுருங்கியிருப்பதாகவும், அதற்குக் கீழே கருவி செல்லவில்லை என்றும் எழுதிக் கொடுத்தார். நான்கு வண்ணப் படங்கள் அச்சிட்ட தாளைத் தந்தையார் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "உள்ள இவ்வளவு செவப்பா இருக்குமாப்பா?" என்று கேட்டார். நான்காவது படத்தின் நடுவில் சிறு கரும்புள்ளி ஒன்று இருந்தது. வழி அங்கே தொடர்ந்தது, பார்வை தொடரவில்லை. எடுத்த சதைத் துணுக்கு நோயின் பெயரைச் சொல்லிவிட்டது. பதினான்கு மாதங்களில் அவர் மறைந்தார். மெல்லிய குழாய் இருந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று சொல்ல வரவில்லை. ஆயினும் அந்தக் கரும்புள்ளி எங்களை இவற்றைப் பற்றிப் படிக்க வைத்தது.

சியாட்டில் கருவியில் படத்துக்கு ஒளியனுப்புவது ஒற்றை இழை. மின்னழுத்தம் பட்டால் நெளியும் பீசோ குழல் ஒன்று அதன் நுனியை நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை அதிரவைக்கிறது. நுனி மையத்திலிருந்து கிளம்பிச் சுருளாக விரிந்து, ஒரு படத்துக்குச் சுமார் 250 சுற்றுச் சுற்றுகிறது. சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று லேசர்களின் ஒளி ஒன்றுகூடி அந்நுனி வழியே ஒரு புள்ளியாகச் சதையின்மேல் ஓடுகிறது. பட்டுத் திரும்பும் ஒளியைச் சுற்றியுள்ள வேறு இழைகள் வாங்கி, வெளியே இருக்கும் உணரிகளிடம் சேர்க்கின்றன. அவ்வுணரிகள் எந்தப் படத்தையும் பார்ப்பதில்லை. இக்கணம் எவ்வளவு ஒளி வந்தது என்று மட்டுமே அவற்றுக்குத் தெரியும். அக்கணத்தில் நுனி எங்கே இருந்தது என்பது கணினிக்குத் தெரியும். இரண்டையும் பொருத்தினால் திரையில் படம். ஒரு சுருள் முடிந்ததும் எதிர்விசை கொடுத்து இழையை அடக்கி, மீண்டும் மையத்திலிருந்து தொடங்குகிறார்கள். நொடிக்கு 30 படங்கள். கொள்ளி தணிதல் என்பதற்கு இப்படியும் ஒரு பொருள் கிடைக்குமென்று நாங்கள் எதிர்பார்க்கவில்லை.

குழாயின் பருமன் 1.2 மி.மீ. கணைய நாளம் போன்ற ஒடுங்கிய வழிகளுக்குள்ளும் நுழையக்கூடிய அளவு.

நம்மை ஈர்ப்பது அளவு மட்டுமன்று. சாதாரண கேமராவில் ஓரிடத்தில் ஏதோ ஒரு கணம் முழுப் படம் விழுகிறது. இங்கே எங்குமே விழுவதில்லை. காலத்தில் அடுத்தடுத்து வந்த புள்ளிகளின் கணக்கு மட்டுமே உண்டு. காரிகை சொன்ன அதே இல்லாத வட்டம்தான். ஆனால் மாவலியைக் காணும் கண் புள்ளி இருந்த இடத்தை மறந்து வட்டம் என்கிறது. கருவியோ ஒரு புள்ளியின் இடத்தையும் மறக்காமல் படம் என்கிறது. பொய்யெனத் தள்ளிய ஒன்று நோயறியும் சான்றாவது இந்த நினைவினால்தான். இதற்கும் முன்பு, 1990களின் தொடக்கத்தில், இதே பல்கலைக்கழகத்து ஆய்வகம் ஒன்றில் விழித்திரையின் மீதே ஒளிக்கற்றையை ஓட்டிப் படம் வரையும் முயற்சி நடந்தது. கண்ணுக்குள் எழுதக் கற்ற வித்தை, பின்னர் உடலுக்குள் படிக்கப் பயன்பட்டிருக்கிறது.

குறைகளும் உண்டு. இவ்வளவு மெல்லிய குழாயில் சதைத் துணுக்கெடுக்கும் கருவிக்கு வழியில்லை. சில்லுகளும் சும்மா இருக்கவில்லை; 2019இல் ஓம்னிவிஷன் நிறுவனம் பக்கத்துக்கு 0.575 மி.மீ. மட்டுமே உள்ள கேமரா சில்லை அறிவித்தது. ஆனால் அதன் படத்தில் 200க்கு 200, ஆக 40,000 புள்ளிகளே. ஒற்றை இழையின் சுருளோ 500 வரிப் படத்தைத் தருகிறது. சில்லுகள் மலிவாகக் கிடைக்கும். ஆகவே சந்தை அவற்றின் பக்கமே சாயக்கூடும். எங்கள் மனம் மட்டும் அந்த ஒற்றை இழையின் பக்கம்.