லாரி வராத சாலை தேடி

பழவேற்காடு ஏரியிலிருந்து சேஷாசலக் காடு வரை சைக்கிளுக்கென்றே அமைந்தது போன்ற பாதைகள் உண்டு. அவற்றை ஒன்றாகக் கோப்பதுதான் சிரமம்.

சூலூர்பேட்டையைத் தாண்டிக் கிழக்கே போகும் சாலை சில கிலோமீட்டரிலேயே நிலத்தை விட்டுவிடுகிறது. வலது பக்கம் தண்ணீர், இடது பக்கம் தண்ணீர். நடுவே ஒரு தார்க் கரை நேராக ஸ்ரீஹரிகோட்டாவை நோக்கி ஓடுகிறது. மழைக்காலம் முடிந்து ஏரி நிறைந்திருக்கும் மாதங்களில், விடியற்காலையில் இங்கே சைக்கிளில் வருபவருக்கு எதிர்க்காற்றைத் தவிர வேறு எதிரி கிடையாது. முழங்கால் ஆழத் தண்ணீரில் அலகைத் தலைகீழாகப் பதித்து பூநாரைகள் மேய்ந்துகொண்டிருக்கும். கூழைக்கடாக்களும் செங்கால் நாரைகளும் கரைக்கு இன்னும் அருகில் நிற்கும். கார்க் கதவு ஒன்று அறைந்து சாத்தப்பட்டால் கூட்டமே எழும்பிவிடும். சைக்கிளுக்குக் கதவு இல்லை.

வெயில் ஏறத் தொடங்கியதும் காட்சி மாறிவிடுகிறது. விண்வெளி மையத்து ஊழியர்களின் பஸ்கள், பிறகு சுற்றுலாக் கார்கள். ராக்கெட் ஏவும் நாளென்றால் சொல்லவே வேண்டாம். 1971 அக்டோபரில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து முதல் ராக்கெட் கிளம்பியது. இந்திய விண்வெளி ஆய்வின் ஆரம்ப நாட்களில், கேரளத்தின் தும்பாவில் ராக்கெட்டின் கூம்பை சைக்கிள் கேரியரில் வைத்துத் தள்ளிச் சென்ற புகைப்படம் உலகப் பிரசித்தம். அந்த சைக்கிளுக்கு இன்று ராக்கெட் தளத்துக்குப் போகும் சாலையில் விடியற்காலை ஒன்றிரண்டு மணி நேரம்தான் மிச்சம்.

ஆந்திரத்தின் இந்த மூலையில் சைக்கிள் பயணம் பற்றி யோசிக்க ஒரு புதிய காரணம் இருக்கிறது. 2022 ஏப்ரல் 4-ம் தேதி பழைய சித்தூர் மாவட்டம் பிரிக்கப்பட்டு, நெல்லூரிலிருந்து சூலூர்பேட்டை உள்ளிட்ட பகுதிகளும் சேர்ந்து, திருப்பதி மாவட்டம் உருவானது. மலைகளும் மாந்தோப்புகளுமாக இருந்த சீமைக்குக் கடற்கரை கிடைத்தது. உப்பு ஏரியும் செம்மரக் காடும் ஒரே மாவட்டத்துக்குள் வந்துவிட்டன. நிதானமாக மிதிப்பவர்கூட மூன்று நாளில் இரண்டையும் பார்த்துவிடலாம். ஆனால் தேசிய நெடுஞ்சாலையின் லாரிகளுக்கு நடுவே அல்லாமல், வண்டிகள் வராத வழியில் போக முடியுமா என்பதுதான் கேள்வி.

முதல் பதில் 200 ஆண்டு பழையது. அதன் பெயர் பக்கிங்ஹாம் கால்வாய். 1806-ல் சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டத் தொடங்கி, வடக்கே பழவேற்காடு, அதற்கும் மேலே என்று நீண்டது. கடைசியில் பெத்தகஞ்சாமிலிருந்து மரக்காணம் வரை சுமார் 420 கி.மீ. நீளத்துக்கு வளர்ந்தது. தாது வருடப் பஞ்சத்தின்போது நிவாரண வேலையாக, சென்னை நகருக்குள் அடையாற்றையும் கூவத்தையும் இணைத்து வெட்டினார்கள். அப்போதைய கவர்னர் பக்கிங்ஹாம் பிரபுவின் பெயர் கால்வாய்க்கு வந்தது. உப்பும் நெல்லும் விறகும் இதன் வழியே சென்னைக்கு வந்தன. ஸ்ரீஹரிகோட்டாக் காட்டின் விறகு சென்னை அடுப்புகளில் எரிந்த காலம் அது. காற்று இருந்தால் பாய் விரிப்பார்கள். இல்லாவிட்டால் படகில் கயிறு கட்டி, கரையில் நடந்தே இழுத்துச் செல்வார்கள்.

சைக்கிள்காரர்கள் கவனிக்க வேண்டியது அந்தக் கரையைத்தான். கடலோரமாக, மேடு பள்ளம் இல்லாமல், கூர்மையான வளைவு இல்லாமல், ஊர்களைத் தொட்டும் தொடாமலும் செல்லும் பாதை அது. இங்கிலாந்தில் இதே போன்ற கால்வாய்க் கரைகள் பல இன்று சைக்கிள் பாதைகள். இங்கேயோ 1960-களிலும் 1976-லும் வந்த புயல்களுக்குப் பிறகு படகுப் போக்குவரத்து தேய்ந்துபோனது. 2008-ல் தேசிய நீர்வழி எண் 4-ன் ஒரு பகுதியாகக் கால்வாய் அறிவிக்கப்பட்டது. கரையைப் பற்றி யாரும் பேசவில்லை. சில இடங்களில் அது உடைந்து கிடக்கிறது, சில இடங்களில் சீமைக் கருவேல முள் மூடிவிட்டது. இந்தப் பக்கம் சைக்கிள் எடுத்து வருபவர்கள் பஞ்சர் ஒட்டும் சாமானை மறந்தால் சைக்கிளைத் தோளில் சுமக்க வேண்டியதுதான்.

ஏரிக்கு வடக்கே, கால்வாயை ஒட்டிய துர்கராஜபட்டினத்தில் சென்னையின் முன்கதை ஒன்று புதைந்து கிடக்கிறது. 1626-ல் ஆங்கிலேயர் இங்கே ஒரு கோட்டை கட்டினார்கள். அவர்கள் வைத்த பெயர் ஆர்மகான். உதவி செய்த ஆறுமுகம் முதலியாரின் பெயர்தான் அப்படித் திரிந்தது என்பார்கள். இங்கே வியாபாரம் சரிப்படாமல் பிரான்சிஸ் டே தெற்கே இடம் தேடிப் போய், 1639-ல் நாயக்கரிடம் பெற்றதுதான் மதராஸ். அந்த நாயக்கருக்கு மேலே இருந்தவர்கள் சந்திரகிரியிலும் வேலூரிலும் இருந்து ஆண்ட விஜயநகரத்தின் கடைசி மன்னர்கள். பாதையின் ஒரு முனையில் ஆர்மகான், மறு முனையில் சந்திரகிரி. நடுவே சென்னையின் பிறப்பு.

சூலூர்பேட்டைக்கு வடக்கே சுமார் 20 கி.மீ. தள்ளி நேலப்பட்டு. 1976-ல் சரணாலயம் ஆன இந்த ஏரியில் கூழைக்கடாக்கள் தண்ணீருக்குள் நிற்கும் கடப்ப மரங்களில் கூடு கட்டுகின்றன. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது ஊராருக்குத் தெரியும். அதனால் பறவைகளைத் தொடுவதில்லை. நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே திரும்பும் சிறு சாலையில் சைக்கிள் மணி அடிப்பதுகூட அதிகப்படி.

கடலிலிருந்து மலைக்குப் போக நேர் வழி நாயுடுபேட்டை, காளஹஸ்தி, ரேணிகுண்டா. அது லாரிகளின் ராஜபாட்டை. சைக்கிளுக்கு ஏற்றது தெற்கு வழி: தடா, வரதையபாளையம், சத்தியவேடு, நாகலாபுரம், புத்தூர். தடாவை ஒட்டி ஸ்ரீசிட்டி தொழில் நகரம் வந்தபிறகு முதல் பகுதியில் கம்பெனி பஸ்கள் பெருத்துவிட்டன. அதைத் தாண்டினால் ஏரிக்கரைகளும் கிராமச் சாலைகளும் கைகொடுக்கின்றன. டீக்கடைகளில் தமிழும் தெலுங்கும் ஒரே வாக்கியத்தில் கலந்து வரும். 1960 ஏப்ரலில் படாஸ்கர் தீர்ப்புப்படி எல்லை திருத்தப்பட்டபோது, திருத்தணி சித்தூர் மாவட்டத்திலிருந்து தமிழகத்துக்கு வந்தது. பதிலுக்கு செங்கல்பட்டு மாவட்டத்தின் பொன்னேரி, திருவள்ளூர் தாலுகாக்களிலிருந்து சில பகுதிகள் ஆந்திரத்துக்குப் போயின. வழி கேட்கத் தெலுங்கு தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை.

சுருட்டப்பள்ளியில் சிவன் படுத்திருக்கிறார். நாகலாபுரத்தில் கிருஷ்ணதேவராயர் கட்டிய வேதநாராயணர் கோயில். புத்தூருக்கு முன்னால் கைலாசகோனா அருவி கோடையிலும் விழுகிறது. பழைய கப்பல்காரர்கள் கடலிலிருந்து அடையாளம் பார்த்த ‘நகரி மூக்கு’ மலை இந்தப் பக்கம்தான். இன்னொரு வசதியும் உண்டு. எலும்பு முறிவுக்குப் புகழ்பெற்ற ‘புத்தூர் கட்டு’ இதே ஊரில். விழுந்தாலும் சரியான இடத்தில் விழலாம். ஜூன், ஜூலையை மட்டும் தவிர்ப்பது நல்லது. மாங்கூழ் ஆலைகளுக்குப் போகும் மாம்பழ டிராக்டர்களும் லாரிகளும் சித்தூர்ச் சீமையின் சிறு சாலைகளைக்கூட விட்டுவைப்பதில்லை.

திருப்பதியைக் கடந்து மேற்கே போனால் சந்திரகிரி. மரமே சேர்க்காமல் கல்லும் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டிய ராஜமஹால் இப்போது அருங்காட்சியகம். அங்கிருந்து பாகராபேட்டை மலைச் சாலை. 2022 மார்ச்சில் நிச்சயதார்த்தத்துக்குப் போன பஸ் ஒன்று பள்ளத்தில் உருண்டு உயிர்கள் போன சாலை இது. இங்கே சைக்கிளுக்கு வேலையில்லை, ஏற்றி அனுப்பிவிடுவதே புத்திசாலித்தனம். நேரபைலுக்கு அருகே தலகோனாவுக்குத் திரும்பும் கிளைச் சாலையில்தான் மறுபடி நிம்மதி. இருபக்கமும் காடு. முடிவில் 270 அடி உயரத்திலிருந்து விழும் அருவி, ஆந்திரத்தில் மிக உயரமானது.

காட்டுக்குள் இன்னும் அழகான வழிகள் உண்டு. 1989-ல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவெங்கடேஸ்வரா தேசியப் பூங்காவிலும், 2010-ல் உயிர்க்கோளக் காப்பகம் ஆன சேஷாசலத்திலும் வனத்துறையின் ஜீப் தடங்கள் மலைக்குள் ஓடுகின்றன. வண்டியே இல்லாத பாதை வேண்டுமென்றால் இதைவிட என்ன வேண்டும்? ஆனால் வண்டி இல்லாத பாதை ஆளில்லாத பாதை அல்ல. செம்மரம் உலகில் இயற்கையாக வளர்வது தெற்குக் கிழக்கு மலைத்தொடரின் இந்தப் பகுதியில்தான். அதைக் கடத்துகிறவர்களும் பிடிக்கிறவர்களும் நடப்பது இதே தடங்களில்தான். 2015 ஏப்ரல் 7-ம் தேதி போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் தமிழகத்துத் தொழிலாளர்கள் 20 பேர் செத்து விழுந்தது இந்த மலையடிவாரத்தில். தமிழ் பேசிக்கொண்டு, அனுமதிச் சீட்டு இல்லாமல், உள்ளே சைக்கிள் உருட்டுவது விளையாட்டல்ல.

மனிதரைவிடப் பழைய சொந்தக்காரர்களும் இருக்கிறார்கள். 1980-களில் தமிழக, கர்நாடகக் காடுகளிலிருந்து சித்தூருக்குள் வந்த யானைகளுக்காகப் பலமனேர் அருகே கௌண்டின்யா சரணாலயம் உண்டாயிற்று. அதற்கு முன் ஏறக்குறைய இரு நூற்றாண்டுகள் இந்தப் பக்கம் யானையே இல்லை. இன்று சந்திரகிரி வயல்கள் வரை யானைகள் வருகின்றன. 2023 ஆகஸ்டில் அலிபிரி நடைபாதையில் ஒரு சிறுமியை சிறுத்தை கொன்றது. அதன் பிறகு திருமலை தேவஸ்தானம், பகல் 2 மணிக்கு மேல் குழந்தைகள் நடந்து ஏறவும், மாலை 6 மணிக்கு மேல் மலைச் சாலையில் இருசக்கர வாகனங்கள் செல்லவும் தடை விதித்தது. 2025 பிப்ரவரியில் சிவராத்திரிக்காகக் காட்டு வழியே கோயிலுக்கு நடந்த பக்தர்களை யானைகள் தாக்கிக் கொன்றன. சத்தமில்லாமல் வருவது சைக்கிளின் பெருமை. வளைவில் நிற்கும் யானைக்கு அதுவே அதிர்ச்சி.

எனவே கடலோரத்துக்கும் காட்டுக்கும் ஒரே நியாயம் பொருந்தாது. கால்வாய்க் கரையையும் ஏரிக்கரைகளையும் திறந்துவிடலாம். காட்டுத் தடங்களில் பகலில், எண்ணிக்கை வைத்து, வனத்துறை வழிகாட்டியோடு மட்டுமே அனுமதிக்கலாம். இரண்டுக்கும் புதிய தார் தேவையில்லை. ஸ்பெயின் 1993 முதல் கைவிடப்பட்ட ரயில் பாதைகளை சைக்கிள் வழிகளாக்கி 3,000 கி.மீ.க்கு மேல் சேர்த்துவிட்டது. இருந்ததைத் துடைத்து எடுத்ததே அவர்களின் சாமர்த்தியம். மாறாக, உத்தரப் பிரதேசத்தில் எடாவாவிலிருந்து ஆக்ரா வரை 207 கி.மீ. சைக்கிள் நெடுஞ்சாலையை 2016-ல் ஆடம்பரமாகத் திறந்தார்கள். சில ஆண்டுகளில் அதன் பல பகுதிகள் ஆக்கிரமிப்பிலும் பராமரிப்பின்மையிலும் சீரழிந்தன.

திருப்பதியில் சிக்கல் வேறு மாதிரி. கால்வாய் ஒரு துறை, காடு ஒரு துறை, திருமலை தேவஸ்தானம், தீவு விண்வெளித் துறை. நான்கு பூட்டுகளுக்கு நான்கு சாவிகள். எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்தால் அடுத்த ஆபத்து தொடங்கும். ‘சுற்றுலா வளர்ச்சி’ என்ற பெயரில் பாதையை அகலப்படுத்துவார்கள். அகலப்படுத்திய பாதைக்குக் கார் வரும், கார் வந்தால் பறவை போகும். பழவேற்காடு ஏரியைக் குறுக்கே வெட்டும் ஸ்ரீஹரிகோட்டா சாலை நீரோட்டத்தைத் தடுக்கிறது என்று சூழலியலாளர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார்கள். இன்னொரு கரையை அந்த ஏரி தாங்காது.

ஏற்கெனவே இந்தப் பாதைகளில் சைக்கிள் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. வலையும் கூடையுமாகப் போகும் யானாதி மீனவர், பால்கேன் மாட்டிய விவசாயி, பள்ளிக்கூடம் போகும் பெண்கள். அவர்களுக்கு இது சுற்றுலா அல்ல. கால்வாய்க் கரையில் முள்ளை வெட்டினால் முதலில் பயனடைவது அவர்கள்தான், சென்னையிலிருந்து ஹெல்மெட்டோடு வருபவர்கள் பிறகுதான். செய்ய வேண்டியது முள்ளை வெட்டுவது, உடைந்த இடத்தில் மண் போடுவது, சைக்கிள் நுழைந்து கார் நுழையாதபடி இரண்டு கல் நடுவது. இதில் கடினமானது மூன்றாவது. கல்லை நடுவது எளிது. நாளைக்கு ஒரு பெரிய மனிதரின் கார் வந்து நிற்கும்போதும் அதைப் பிடுங்காமல் இருக்க வேண்டும்.