திரும்பும் நாள் தெரிந்தவரின் நாட்குறிப்பு

வளைகுடா நாடுகள் தம்மிடம் பணிபுரிய வருவோர்க்குக் குடியுரிமை வழங்கும் வழக்கத்தைக் கொண்டிருக்கவில்லை. சாதாரணத் தொழிலாளர்களுக்குப் பெரும்பாலும் வேலை ஒப்பந்தம் நீடிக்கும்வரை மட்டுமே தங்கும் உரிமையை அவை அளிக்கின்றன. எனவே, அமெரிக்காவுக்கோ கனடாவுக்கோ குடியேறியவர்களைப் போலத் திரும்புவதா, தங்கிவிடுவதா என்று எண்ணிப் பார்க்கும் நிலை அங்குள்ள தொழிலாளிக்கு இல்லை. திரும்புவது உறுதியாக இருந்தும், அந்த நாள் எது என்பது பலருக்கும் கடைசிவரை தெரிவதில்லை. அதை முன்னதாக அறிந்து, எஞ்சிய நாட்களைத் தம் விருப்பப்படி கழிக்கும் வாய்ப்பு எல்லோர்க்கும் வாய்ப்பதன்று. திருவனந்தபுரம் விமான நிலையம் வழியாக ஊர் சேரும் மலையாளிகளும் குமரி, நெல்லை மாவட்டத் தமிழர்களும் கழிக்கும் அத்தகைய இறுதி மாதம், ஷார்ஜாவில் வசிக்கும் ஒரு கட்டுமானத் தொழிலாளியின் நாட்குறிப்பாக இங்கே வரிசைப்படுத்தப்படுகிறது. அவர் தனியொருவர் அல்லர். பலரின் பொது அனுபவத்தைச் சுமக்கும் மாதிரி மட்டுமே.

புறப்பாட்டுக்கு 30 நாள் முன்

பணிவிலகல் கடிதம் இன்று கொடுக்கப்படுகிறது. ஐக்கிய அரபு அமீரகத்தில் 2022 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டம், முன்னறிவிப்புக் காலம் 30 நாளுக்குக் குறையாமலும் 90 நாளுக்கு மிகாமலும் இருக்க வேண்டும் என்கிறது. விடைபெறுவதற்கான அவகாசம் சட்டப்படி கிடைப்பது இந்த விதியால்தான். தொழிலாளர்கள் ‘செட்டில்மென்ட்’ என்று சொல்லும் கணக்குத் தீர்வில் முதன்மையானது பணிக்கொடை. முதல் ஐந்தாண்டுகளில் ஆண்டுக்கு 21 நாள், அதன்பின் ஆண்டுக்கு 30 நாள் என்ற அளவில் அது கணக்கிடப்படுவதால், இருபது ஆண்டு உழைத்தவருக்கு 555 நாள் ஊதியம் வரவேண்டும். ஆனால், கணக்குக்கு எடுத்துக்கொள்ளப்படுவது கையில் வாங்கிய மொத்தச் சம்பளம் அன்று, அடிப்படை ஊதியம் மட்டுமே. படிகளைப் பெருக்கி அடிப்படையைச் சுருக்கி எழுதிய ஒப்பந்தத்தில் பல ஆண்டுகளுக்கு முன் கையெழுத்திட்டவர், அதன் விளைவை இன்றுதான் முழுமையாகக் காண்கிறார். இறுதி மாதத்தை நிம்மதியாகக் கழிக்க முடியுமா என்பது பெருமளவுக்கு இந்தத் தொகையைப் பொறுத்தே அமைகிறது.

23 நாள் முன்

வார விடுமுறை நாள். ‘பெட் ஸ்பேஸ்’ எனப்படும் ஏற்பாட்டில் ஓர் அறையைப் பலர் பங்கிட்டு, ஆளுக்கொரு கட்டிலுக்கு வாடகை கொடுக்கிறார்கள். முறைவைத்துச் சமைத்துச் செலவைப் பகிரும் கூட்டுச் சமையல் ‘மெஸ்’ எனப்படுகிறது. சமையல் முறை வரும் நாளைச் சுமையாகக் கருதியவர், இம்மாதம் தம் முறை முடிந்த பின்னும் அடுப்படியில் நிற்கிறார். குடும்பத்தோடு வாழ்ந்த ஆண்டுகளைவிட இந்த அறைத் தோழர்களோடு வாழ்ந்த ஆண்டுகளே மிகுதி என்ற கணக்கு அப்போது தெளிவாகிறது. மாலையில் ஷார்ஜாவின் ரோலா பகுதியில், மலையாளிகள் நடத்தும் உணவகமொன்றில் பொரோட்டாவும், பால் கலக்காத சுலைமானித் தேநீரும் நெடுநேரம் நீள்கின்றன. ஊரில் இவை கிடைக்காதவை அல்ல. ஊரில் கிடைக்காதது, ஒரே நிலையிலிருக்கும் ஆண்கள் எவர்க்கும் கணக்குச் சொல்லத் தேவையின்றிக் கூடியிருக்கும் அந்தப் பொழுது.

15 நாள் முன்

தாம் கட்டிய துபாய் நகரைத் தொழிலாளி பார்க்கச் செல்லும் நாள் இது. 828 மீட்டர் உயரமுள்ள புர்ஜ் கலீஃபா 2010 ஜனவரி 4 அன்று திறக்கப்பட்டது. அதன் நிழலில் பல ஆண்டுகள் வேலைசெய்தும் அருகில் நின்று ஒரு படம் எடுத்துக்கொள்ளாதவர்கள் பலர். துபாய் கழிமுகத்தைக் கடக்க ‘அப்ரா’ என்னும் மரப்படகில் ஒரு திர்ஹம் போதும். வேலைக்கு விரையும்போது வெறும் போக்குவரத்தாக இருந்த அப்பயணத்தை, இன்று இறங்கியதும் மறுபடி ஏறி அவர் நீட்டிக்கிறார். கோடையில், ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, பகல் 12.30 முதல் 3 மணிவரை வெட்டவெளி வேலை அங்கே சட்டப்படி தடைசெய்யப்பட்டுள்ளது. அத்தகைய தடை தேவைப்படும் வெப்பத்தின் வழியாகவே அவர் அந்நகரை அறிந்திருந்தார். வேலையும் கடிகாரமும் விலகிய பின் அதே தெருக்கள் வேறு முகம் காட்டுகின்றன. பிரிவின் துயரம் இதற்குக் காரணம் என்பது பாதி உண்மையே. முதன்முறையாக அந்நகரில் அவருக்கு ஓய்வு கிடைத்திருக்கிறது என்பது மறுபாதி.

8 நாள் முன்

அறையே கூடிப் பெட்டி கட்டுகிறது. இச்சடங்கை மலையாளிகள் ‘பெட்டிகெட்டு’ என்பர். அட்டைப்பெட்டியில் பால்பொடி, டாங்க், பேரீச்சை, பிஸ்தா, கோடாலித் தைலம், வாசனைத் தெளிப்பான், போர்வை ஆகியவை அடுக்கப்பட்டு, நாடா ஒட்டி, கயிறு வரிந்து, எல்லாப் பக்கங்களிலும் பெயரும் ‘திருவனந்தபுரம்’ என்ற ஊர்ப்பெயரும் பெரிய எழுத்தில் எழுதப்படுகின்றன. விமான நிறுவனம் அனுமதிக்கும் எடையைத் தாண்டாதிருக்கத் தராசில் பலமுறை ஏற்றி இறக்கப்படுகிறது. இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு இருந்த 1991-க்கு முந்திய இந்தியாவில் இப்பெட்டிக்குத் தெளிவான பொருளாதாரப் பயன் இருந்தது. டேப் ரெக்கார்டரும் கைக்கடிகாரமும் ஊரில் எளிதில் கிடைக்காதவை. விமான நிலையத்தை அடுத்த பீமாபள்ளிக் கடைகள் வெளிநாட்டுப் பொருள்களுக்காகவே பெயர்பெற்றிருந்தன. இன்று இவையெல்லாம் திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவிலேயே கிடைக்கின்றன. ஆயினும் பெட்டி நிலைத்திருக்கக் காரணம், உறவினர் ஒவ்வொருவரும் நினைக்கப்பட்டார் என்பதற்கு அது சான்றாக இருப்பதே. ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் வாழ்ந்த ஆண் 20 கிராமும் பெண் 40 கிராமும் தங்க நகை வரியின்றிக் கொண்டுவரலாம் என்ற சுங்க வரம்பும் இந்நாட்களின் பேச்சில் தவறாமல் இடம்பெறுகிறது.

4 நாள் முன்

இத்தகைய நாட்கள் வாய்க்காதவர்களைப் பற்றிய குறிப்பு இங்கே அவசியமாகிறது. 1990 ஆகஸ்ட் 2 அன்று ஈராக் குவைத்தைக் கைப்பற்றியபோது, அங்கிருந்த இந்தியர்களில் ஏறத்தாழ 1,70,000 பேர் பெரும்பாலும் ஜோர்டானின் அம்மான் வழியாக 488 விமானப் பயணங்களில் மீட்கப்பட்டனர். அவர்களுள் கேரளத்தினர் மிகப் பலர். வங்கிக் கணக்கும் சம்பளப் பாக்கியும் வீட்டுப் பொருள்களும் அப்படியே விடப்பட்டன. விடைபெறுதல் என்ற ஒன்று நிகழவேயில்லை. 2020 மே 7 அன்று அபுதாபியிலிருந்து கொச்சிக்கும் துபாயிலிருந்து கோழிக்கோட்டுக்கும் வந்த விமானங்களோடு தொடங்கிய வந்தே பாரத் மீட்புத் திட்டத்திலும் வேலை இழந்தோர் திரளாகத் திரும்பினர். அறைத் தோழரின் கையைப் பற்றி விடைபெறக்கூட கொரோனா நோய்த்தொற்று இடம்தரவில்லை. மலையாள எழுத்தாளர் பென்யாமினின் 2008-ஆம் ஆண்டு நாவலான ‘ஆடுஜீவிதம்’ காட்டும் சவூதிப் பாலைவனத் தொழிலாளிக்கு, தப்பித்தலே திரும்புதலாக அமைந்தது. இவற்றோடு ஒப்பிடும்போதுதான், நாள் குறித்துப் புறப்படுவது எவ்வளவு பெரிய பேறு என்பது விளங்குகிறது.

வந்து சேரும் நாள்

நான்கு பெருநகரங்களுக்கு வெளியே முதன்முதலில், 1991-இல், பன்னாட்டுத் தகுதி பெற்றது திருவனந்தபுரம் விமான நிலையம். பத்மநாபசுவாமி கோயிலின் ஆராட்டு ஊர்வலம், அதாவது இறைவன் சங்குமுகம் கடலில் நீராடச் செல்லும் ஊர்வலம், பங்குனியிலும் ஐப்பசியிலுமாக ஆண்டுக்கு இருமுறை இதன் ஓடுதளத்தைக் கடந்து செல்வதால், அந்நாட்களில் சில மணி நேரம் விமானங்கள் நிறுத்தப்படுகின்றன. நிலையத்தைவிட்டு வெளியே வந்ததும் மலையாளிகளும் தமிழர்களுமான இருவகைப் பயணிகளும் பிரிகிறார்கள்: ஆற்றிங்கல், வர்க்கலை நோக்கி ஒரு சாரார் வடக்கே செல்ல, மற்றவர் களியக்காவிளை எல்லை தாண்டித் தெற்கே செல்கின்றனர்.

ஒரு வாரம் கழித்து

பெட்டியின் பொருள்கள் பகிர்ந்து முடிந்த பின் அலுவல்கள் தொடங்குகின்றன. அயல்நாடு வாழ் கேரளத்தவர்க்கென 1996-இல் மாநில அரசு அமைத்த துறையின் களப்பணி நிறுவனமான நோர்க்கா ரூட்ஸ், திருவனந்தபுரம் தைக்காட்டிலிருந்து இயங்குகிறது. இரண்டாண்டாவது வெளிநாட்டில் பணியாற்றித் திரும்பியவர், 30 லட்சம் ரூபாய்வரையிலான தொழில் திட்டத்துக்கு வங்கிக் கடனும் மூலதன மானியமும் பெற அது வழிசெய்கிறது. குமரி மாவட்டத்தவர் இதே விமான நிலையத்தில் இறங்கினாலும், அயலகத் தமிழர் நல ஆணையரகத்தின் வழியாகத் தமிழ்நாட்டு அரசையே நாடவேண்டும்.

திருவனந்தபுரத்தின் உள்ளூர் என்னும் பகுதியில் இயங்கும் வளர்ச்சி ஆய்வு மையம் 1998-இல் தொடங்கிய கேரளப் புலம்பெயர்வு ஆய்வு, அவ்வாண்டில் வெளிநாட்டில் இருந்தோர் 13.6 லட்சம் என்றும், திரும்பியோர் ஏறத்தாழ 7.4 லட்சம் என்றும் மதிப்பிட்டது. அவ்வரிசையில் 2023-இல் நடந்த ஆய்வில் இவை முறையே 22 லட்சமாகவும் 18 லட்சமாகவும் உயர்ந்தன. வெளிநாட்டில் இருப்போர் தொகையைத் திரும்பியவர் தொகை நெருங்குகிறது. திரும்புதல் இனி விதிவிலக்கன்று, புலம்பெயர்வின் சரிபாதி.

ஆகவே, இறுதி நாட்களைச் சுவைத்து வாழ்வதை ஒருவரின் மனநிலை சார்ந்ததாக மட்டும் கருதுவது போதாது. முன்னறிவிப்புக் காலமும் முறையான கணக்குத் தீர்வும் கையில் இருப்பவருக்கே அது இயல்கிறது. இப்போது புறப்படுவோர், ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் அடிப்படை ஊதியம் எவ்வளவு, முன்னறிவிப்பு எத்தனை நாள் என்ற இரண்டையும் படித்துத் தெளியவேண்டும். வீட்டில் காத்திருப்போர், அந்த ஒரு மாதத்தில் பொருள் பட்டியல் அனுப்புவதைக் குறைத்து, திரும்பி வருபவரின் நாட்களை அவருக்கே விட்டுவைக்கவேண்டும்.