முத்தட்டும், பார்க்கலாம்!

ராசிபுரம் பக்கத்தில் எங்கள் கிராமம். போன வருஷம் ஊருக்குப் போயிருந்தபோது மளிகைக்கடைத் தம்பி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, கையில் 400 ரூபாயைத் திணித்தார்.

"அம்மா நூறுன்னு நெனச்சு ஐநூறு குடுத்துட்டாங்கண்ணா. இது மூணாவது தடவைங்க."

நான் பி.காம். படித்தவன். கணக்கு உதைத்தால் தூக்கம் வராது. வீட்டுக்கு வந்து, "என்னம்மா இது?" என்றேன்.

"ரெண்டு நோட்டும் ஒரே சாம்பக் கலராத்தான் தெரியுது கண்ணு" என்றார் அம்மா.

கண்ணில் புரை. அது எனக்குப் புதுச் செய்தி இல்லை என்பதுதான் வெட்கக்கேடு. அதற்கு இரண்டு வருஷம் முன்பே, "பொகை மூட்டமாத் தெரியுது, ஆஸ்பத்திரிக்குப் போலாமா கண்ணு?" என்று அம்மா கேட்டார். பக்கத்து வீட்டு அப்பாரு குறுக்கே புகுந்து, "புரை நல்லா முத்தோணும். அப்பத்தான் எடுக்க வரும்" என்று தீர்ப்புச் சொன்னார். எனக்கு அந்தத் தீர்ப்பு ரொம்ப வசதியாக இருந்தது. லீவு போட வேண்டாம், அலைய வேண்டாம். "முத்தட்டும், பார்க்கலாம்மா" என்று சொல்லிவிட்டு சேலத்துக்குப் பஸ் ஏறிவிட்டேன்.

இத்தனைக்கும் நான் பத்திரிகைக்காரன். 'இலவச கண் சிகிச்சை முகாம்' என்று எத்தனை செய்தி எழுதியிருப்பேன்! தலைமை தாங்கியவர், முன்னிலை வகித்தவர் பெயரெல்லாம் இனிஷியல் பிசகாமல் இருக்கும். அங்கே டாக்டர் என்ன பேசினார் என்று ஒரு நாளாவது நின்று கேட்டேனா? இல்லை.

ஒரு மழை ராத்திரி, வாசல்படி எது, தரை எது என்று தெரியாமல் அம்மா விழுந்தார். வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு. மாவுக்கட்டோடுதான் கண் டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்தோம். "ஏம்மா இவ்வளவு நாள் விட்டீங்க?" என்று கேட்டார் டாக்டர். அம்மா என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. "வேலையா இருந்துட்டனுங்க" என்றார்.

அன்றைக்குத்தான் நான் ஒழுங்காகக் காது கொடுத்துக் கேட்டேன். கேட்டதை உங்களுக்கும் சொல்கிறேன்.

புரை என்பது கண்ணின் மேல் வளரும் தோல் அல்ல. கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ், வயசாக ஆக மங்கிப்போவதுதான் புரை. எந்தச் சொட்டு மருந்தாலும் அது கரையாது. தாய்ப்பால், விளக்கெண்ணெய், பூச்சாறு என்று எதையும் ஊற்றித் தொலைக்காதீர்கள். கண்ணே போய்விடும்.

சரி, 'முத்தட்டும்' எங்கிருந்து வந்தது? அப்பாரு பொய் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் லென்ஸை எடுத்துவிட்டால் பதிலுக்கு உள்ளே வைக்க ஒன்றும் கிடையாது. சோடாபுட்டிக் கண்ணாடிதான் கதி. அதனால் பார்வை நன்றாக மங்கும்வரை பொறுத்திருந்தார்கள். 1949-ல் லண்டனில் ஹெரால்ட் ரிட்லி என்ற டாக்டர் முதன்முதலாகக் கண்ணுக்குள் செயற்கை லென்ஸ் வைத்தார். அது நம்ம ஊர் ஏழைக் கண்ணுக்கு வந்து சேர 40 வருஷத்துக்கு மேல் ஆனது.

அதற்கு ஒரு முக்கியமான காரணம் மதுரைக்காரர்கள். அரசு வேலையில் ஓய்வு பெற்ற டாக்டர் ஜி.வெங்கடசாமி, முடக்குவாதத்தால் கோணிப்போன விரல்களோடு, 1976-ல் 11 படுக்கைகளை வைத்து அரவிந்த் கண் மருத்துவமனையை ஆரம்பித்தார். இறக்குமதி லென்ஸ் விலை ஏழைகளுக்குக் கட்டுப்படியாகவில்லை. 1992-ல் 'ஆரோலேப்' தொடங்கி லென்ஸை மதுரையிலேயே செய்தார்கள். விலை மளமளவென்று இறங்கியது.

ஆக, 'முத்தட்டும்' என்பது தேதி முடிந்த செக். கையெழுத்து நிஜம்தான். ஆனால் பணமாகாது.

இப்போது கதை தலைகீழ். முற்றிய புரை இறுகிவிடும். ஆபரேஷன் சிக்கலாகும். சிலருக்கு லென்ஸ் உப்பி, கண் அழுத்தம் ஏறி நரம்பே கெட்டுவிடும். அப்படிப் போன பார்வை திரும்பாது. அதனால் புரை முற்றிவிட்டதா என்று கேட்காதீர்கள், வேலை கெடுகிறதா என்று கேளுங்கள். அரிசியில் கல் தெரியவில்லையா? நாமக்கல் ரோட்டில் ராத்திரி லாரி ஓட்டும்போது எதிர் லைட் சிதறித் தெரிகிறதா? டாக்டரைப் பார்க்கும் நேரம் வந்தாச்சு.

போகும்போது சாப்பிடுகிற மாத்திரை எல்லாவற்றையும் கையோடு கொண்டுபோங்கள். ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். புராஸ்டேட் மாத்திரை சாப்பிடும் ஆண்கள் கூச்சப்படாமல் சொல்லிவிடுங்கள். அதில் சில, கண்பாவையைச் சரியாக விரியவிடாது. சர்க்கரை இருந்தால் விழித்திரையையும் பார்க்கச் சொல்லுங்கள். அது கெட்டிருந்தால், எவ்வளவு நல்ல லென்ஸ் வைத்தாலும் முழுப் பார்வை வராது.

லென்ஸில் பல விலை உண்டு. விலை கூடினால் பார்வை கூடும் என்று அர்த்தமில்லை. "என் கண்ணுக்கு எது போதும், படிக்கக் கண்ணாடி வேணுமா?" என்று கேட்டுவிடுங்கள். சாதாரண லென்ஸ் வைத்தால் பெரும்பாலும் படிக்கக் கண்ணாடி போட வேண்டியிருக்கும். அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே செய்கிறார்கள்.

பெரும்பாலானவர்களுக்குக் கண்ணை மட்டும் மரத்துப்போகச் செய்கிறார்கள். கால் மணி, அரை மணி வேலை. அதன்பிறகுதான் நம் பொறுப்பு. கசக்கக் கூடாது. சில வாரம் கண்ணில் தண்ணீரும் தூசியும் படக் கூடாது. சொட்டு மருந்தை டாக்டர் சொல்லும்வரை விடணும், அதுவும் கை கழுவிவிட்டு.

முக்கியமான ஒன்று. வலி கூடினாலோ, கண் சிவந்தாலோ, வந்த பார்வை குறைந்தாலோ, விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அப்போதே ஓடுங்கள். 2008-ல் விழுப்புரம் மாவட்டத்தில் முகாமுக்குப் போய் ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் 66 பேர் தொற்றால் பார்வை இழந்தார்கள். அபூர்வம்தான். ஆனால் தொற்று என்றால் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

சில மாதமோ வருஷமோ கழித்து மறுபடி மங்கினால், "புரை திரும்ப வந்துருச்சு" என்று பயப்படாதீர்கள். எடுத்த புரை முளைக்காது. புது லென்ஸுக்குப் பின்னால் இருக்கும் மெல்லிய சவ்வு மங்கியிருக்கலாம். லேசர் வைத்து சில நிமிஷத்தில் சரிசெய்துவிடுவார்கள்.

அம்மாவுக்கு வலது கை கட்டில் இருந்ததால், மருந்து விட நான்தான் ஊரில் தங்கினேன். கேட்டதும் லீவு கிடைத்தது. கட்டுப் பிரித்த அன்று அம்மா என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"என்ன கண்ணு, தலையெல்லாம் இப்புடி நரச்சுப் போச்சு?"

அப்படியானால் இத்தனை நாளாக என் முகத்தை அம்மா சரியாகப் பார்க்கவே இல்லை. மளிகைக்கடையில் போன பணம் திரும்பி வந்துவிட்டது. இந்த நாட்களை எந்தக் கணக்கில் வரவு வைப்பது?

அடுத்த கண்ணுக்குத் தேதி வாங்கிவிட்டோம். உங்கள் அம்மாவிடம் இன்றைக்கு ஒரு 100 ரூபாய் நோட்டையும் ஒரு 500 ரூபாய் நோட்டையும் நீட்டி, எது எது என்று கேட்டுப் பாருங்களேன்!