அத்தாவின் கையும் அம்பாசிடரின் கியரும்

எங்கள் வீட்டில் 1983ஆம் ஆண்டு மாடல் அம்பாசிடர் கார் ஒன்று இருந்தது. ஏலக்காய் வணிகம் செய்துவந்த அத்தா அதை ஓட்டிக்கொண்டு உத்தமபாளையத்திலிருந்து கம்பம், கூடலூர், லோயர் கேம்ப் வழியாகக் குமுளி மலைக்கு வாரம் இருமுறையேனும் ஏறி இறங்குவார். டிரைவர் வைத்துக்கொள்ளும் வசதி இருந்தும் வைத்துக்கொள்ளவில்லை. பிறர் கையில் ஸ்டியரிங்கைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் சும்மா அமர்ந்திருக்க அவரால் இயலாது.

இன்றைய மாணவர்களில் பலர் அந்தக் காரின் கியரைப் பார்த்திருக்க மாட்டார்கள். அது தரையில் இல்லை. ஸ்டியரிங் சக்கரத்திற்குக் கீழே இடப்புறம் நீட்டிக்கொண்டிருக்கும். முன்னிருக்கை ஒரே நீள்பலகை போன்றது. நடுவில் தண்டு குறுக்கிடாததால் முன்னால் மூவர் அமரலாம். எங்கள் குடும்பத்தில் நால்வர் அமர்வோம். அந்தக் கைப்பிடியை நம் பக்கம் இழுத்தாலோ தள்ளினாலோ எந்த இரண்டு கியர்களுக்கான பாதை என்பது தேர்வாகும். பிறகு மேலோ கீழோ அசைத்தால் கியர் விழும். ஆனால் கைப்பிடி கியர்பாக்ஸை நேரே தொடுவதில்லை. ஸ்டியரிங் குழாயை ஒட்டி இறங்கும் ஒரு தண்டு, அதன் அடியில் சிறு கைகள், அவற்றிலிருந்து கம்பிகள், அவற்றின் மறுமுனையில் கியர்பாக்ஸின் கைகள் எனச் செய்தி பல வாய் கடந்து செல்கிறது. ஒவ்வொரு மூட்டிலும் ஒரு பின்னும், பின்னுக்கும் துளைக்கும் இடையே புஷ் என்னும் சிறு வளையமும் உண்டு. இரும்பு தேயாதிருக்கத் தான் தேய்வதே அந்த வளையத்தின் பணி.

1997ஆம் ஆண்டு மழைக்காலம். லோயர் கேம்ப் தாண்டி மலையேறும்போது ஒரு கொண்டை ஊசி வளைவில் அத்தா மூன்றிலிருந்து இரண்டாம் கியருக்கு மாற்ற முயன்றார். கைப்பிடி இரண்டு பாதைகளுக்கும் நடுவே சிக்கிக்கொண்டது. அக்காரில் முதல் கியருக்கு சிங்க்ரோமெஷ் கிடையாது. ஓட்டத்தில் இரண்டு விழாவிட்டால் பெரும்பாலும் வண்டி நின்றாக வேண்டும். நின்றது. பின்னால் மூட்டை ஏற்றிய லாரி ஒன்று ஒலிப்பானை அழுத்தியபடி வந்து நின்றது. நான் இறங்கிப் பின்சக்கரத்திற்குக் கல் வைத்தேன். அத்தா பானட்டைத் திறந்து, அடியிலிருந்த கைகளைத் தம் கையாலேயே நகர்த்தி நியூட்ரலுக்குக் கொண்டுவந்தார். கரி படிந்த விரல்களோடு திரும்பி வந்து அமர்ந்தபோது அவருக்கு மூச்சு வாங்கியது. வயது அறுபத்தெட்டு.

அன்றிரவு நான் சொன்னேன்: “அத்தா, இனிமேல் நீங்கள் ஓட்ட வேண்டாம். கையில் முன்போல் வலுவில்லை.” அவர் மறுத்துப் பேசவில்லை. சட்டைப்பையிலிருந்த சாவியை எடுத்து என் முன் வைத்துவிட்டுப் படுக்கச் சென்றார். மறுத்துப் பேசியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

அதன்பின் நான் ஓட்டினேன். ஓட்டினேன் என்பது பெருமைக்குச் சொல்வது. கம்பம் கடைவீதியிலேயே இரண்டு முறை கியர் சிக்கியது. நான்கு விழ வேண்டிய இடத்தில் இரண்டு விழுந்து எஞ்சின் அலறியது. பெரிய நகரத்துப் பட்டறை ஒன்றில் காட்டினேன். ஓட்டிப் பார்த்தவர், கியர்பாக்ஸை இறக்கிப் பிரிக்க வேண்டும், எட்டாயிரம் ஆகும் என்றார். பழைய வண்டிக்கு அவ்வளவு செலவா என்று யோசித்து, விற்றுவிடலாம் என்ற முடிவுக்கு வந்தேன். அத்தாவிடம் சொன்னேன். “உன் விருப்பம்” என்றார்.

விலை பேச வந்த தரகர்தாம், கம்பத்தில் ஒரு முதிய மேஸ்திரியிடம் காட்டச் சொன்னார். கியர் சரியாக இருந்தால் கூடுதல் விலை கிடைக்குமாம். மேஸ்திரி வண்டியை ஓட்டிப் பார்க்கவே இல்லை. என்னை உள்ளே அமர்த்திக் கைப்பிடியை மெல்ல அசைக்கச் சொல்லிவிட்டுப் பானட்டுக்குள் தலையை விட்டார். “இன்னும்... இன்னும்...” என்றார். கைப்பிடி இரண்டு விரற்கடை நகர்ந்த பிறகே கீழிருந்த கை அசையத் தொடங்கியது. பிறகு என்னைக் கைப்பிடியை விடச் சொல்லி, கியர்பாக்ஸின் கையைத் தாமே பிடித்துத் தள்ளினார். ‘டக்’கென்று விழுந்தது. மறுபுறம் தள்ளினார், மீண்டும் ‘டக்’. “பாக்ஸ் நல்லாயிருக்கு சார். ஆட்டம் எல்லாம் வழியிலதான்” என்றார்.

ஒவ்வொரு மூட்டிலும் தேய்ந்தது நெல்மணியில் பாதிகூட இராது. ஆனால் மூட்டுகள் பல; கீழிருக்கும் கைகள் குட்டை, மேலிருக்கும் கைப்பிடி நீளம். ஆகவே கீழே நூலளவாக இருந்த தளர்ச்சி மேலே விரலளவாகப் பெருகியிருந்தது. குற்றம் வண்டியினுடையதும் அன்று. பதினான்கு ஆண்டுகளில் அந்த மூட்டுகளுக்குக் கிரீஸ் வைக்கச் சொன்னவர் எங்கள் வீட்டில் எவருமில்லை. ‘மருந்து’ அதிகாரத்தில் நோயின் முதலைத் தேடச் சொல்லும் குறளை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்தும் எனக்கு இதைக் காட்ட ஒரு மேஸ்திரி வேண்டியிருந்தது.

வேலை இரண்டு நாள் பிடித்தது. காட்டர் பின்களைக் கழற்றி, கம்பிகளை மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கழுவினார். பின்கள் நடுவில் இடுப்பு சிறுத்திருந்தன. ஒரு கையின் துளை வட்டம் மாறி முட்டை வடிவாகிவிட்டது. புது புஷ் போட்டாலும் அதில் நிற்காது என்று சொல்லி, வெல்டிங் வைத்து அடைத்து, லேத் பட்டறையில் மீண்டும் துளையிட்டு வாங்கி வந்தார். புதிய பின்களும் புஷ்களும் கிரீஸ் பூசி ஏறின. கடைசியாக, கைப்பிடியையும் கியர்பாக்ஸையும் நியூட்ரலில் நிறுத்தி, கம்பி முனையின் மரையைத் திருகி நீளத்தைச் சரிசெய்து நட்டை இறுக்கினார். இந்தக் கடைசி வேலைக்குத்தான் நெடுநேரம் எடுத்துக்கொண்டார். அரைச்சுற்று கூடினால் ஒரு பாதை கெடும், குறைந்தால் மற்றது கெடும் என்றார். எல்லாம் சேர்த்து அறுநூற்று ஐம்பது ரூபாய்.

பணம் கொடுக்கும்போது மேஸ்திரி கேட்டார்: “இத்தனை ஆட்டத்தோட இந்த வண்டிய மலையில யாரு சார் ஓட்டினது?” அத்தா என்றேன். “எத்தனை வருஷமா?” எனக்குத் தெரியவில்லை. “நாலஞ்சு வருஷத் தேய்மானம். வண்டி இல்லாததையெல்லாம் பாய் கையாலயே குடுத்து ஓட்டியிருக்காரு” என்றார்.

வீடு வந்து அதை அப்படியே அத்தாவிடம் சொன்னேன். நான் அன்றிரவு சொன்னதற்கு வருந்துகிறேன் என்பதையும் சொல்லத்தான் நினைத்தேன், வாய் வரவில்லை. சாவியை அவர் முன் வைத்தேன். சற்று நேரம் பார்த்தார். “தரகருக்கு என்ன சொன்னே?” என்றார். வரவேண்டாம் என்று சொல்லிவிட்டதாகக் கூறினேன்.

அடுத்த வியாழனன்று குமுளிக்குப் போனோம். அவர்தாம் ஓட்டினார். அதே வளைவு வந்தது. மூன்றிலிருந்து இரண்டுக்குக் கைப்பிடி ஓசையின்றி இறங்கியது. அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. நான்தான் சக்கரத்திற்கு வைத்த கல் இன்னும் கிடக்கிறதா என்று வெளியே எட்டிப் பார்த்தேன்.

திரும்பும்போது குமுளியிலேயே வண்டியை நிறுத்திச் சாவியை என்னிடம் நீட்டினார். “இறக்கத்தை நீ ஓட்டு. எனக்கு கை ஒண்ணும் இல்ல, முழங்கால்தான் வலிக்குது” என்றார். பிறகு முன்னிருக்கையில் என் பக்கத்தில் சாய்ந்து அமர்ந்துகொண்டு, “ஏறின கியரிலேயே இறங்கணும், கேட்டியா?” என்றார்.